வளைவில் ஒரு மோதல்: அன்றும் இன்றும்

இலங்கையின் மலைநாட்டு வீதியில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால், இறங்கி வருகிறவர்கள் முன்பெல்லாம் முதலில் கேட்டது, எந்தத் தோட்டம் என்பதைத்தான். வண்டி எந்தத் தோட்டத்துக்குரியது, ஓட்டியவர் யாருடைய மகன், அங்கே நிர்வாகம் செய்யும் துரை யார் என்பது தெரிந்துவிட்டால் மேற்கொண்டு என்ன நடக்கும் என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். இன்று அதே வளைவில் முதலில் எழும் கேள்வி வேறு. "ஒங்களுக்கு ஃபுல்லா, தேர்ட் பார்ட்டியா?" முழுக் காப்புறுதி இருக்கிறதா, மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தானா என்று கேட்கிறார்கள். அதற்கு வரும் பதிலைப் பொறுத்தே அடுத்து யாருக்கு அழைப்பு எடுப்பது, எடுக்காமல் விடுவதா என்ற கணக்குத் தொடங்குகிறது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் மலையகத்தின் அரை நூற்றாண்டுக்கும் மேலான காலம் கிடக்கிறது.

கினிகத்தேனையிலிருந்து ஏறி, வட்டவளை, ரொசல்லை வழியாக ஹட்டனை அடையும் ஏ7 வீதி, பின் கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று வளைந்து வளைந்து நுவரெலியாவில் முடிகிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா 1,868 மீற்றரில். இடையில் வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. மழை விட்டால் பனிமூட்டம். பெரிய விபத்துகள் நாடறிந்த செய்தியாகிவிடுகின்றன. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லவில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு பேர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் நாளாந்தம் நடப்பவை செய்தியாகாத சிறு மோதல்கள்: ஏற்றத்தில் பின்னோக்கி உருண்ட ஆட்டோ, வளைவில் உரசிய பக்கக் கண்ணாடி, சந்தைக்கு முன்னால் நெளிந்த கதவு. இவற்றில்தான் காப்புறுதிக் கம்பனியைக் கூப்பிடுவதா, நமக்குள்ளேயே பேசித் தீர்ப்பதா என்ற கேள்வி எழுகிறது.

1950களிலும் 60களிலும் இந்தக் கேள்வி எழுந்ததே குறைவு. தோட்டப் பகுதியில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: பெரியதுரை, சின்னத்துரை, டாக்டர், நகரத்து முதலாளிமார் சிலர், வாடகைக்கு ஓட்டியவர்கள் சிலர். ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர், மேட்டுத் தொழிலாளர் லயங்களுக்கும் ஏறிப் போகும் லேண்ட் ரோவர். மற்றபடி தேயிலைக் கொழுந்து லொறி, பஸ். எதிரே வண்டி வந்தால் ஹோர்ன் சத்தத்திலேயே யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி இடம் கொடுப்பது மலைவீதியின் வழக்கம். ஓட்டியவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் அந்த வழக்கமும் நிலைத்தது.

காப்புறுதி அன்று இல்லாமல் இல்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதியை 1938ஆம் ஆண்டின் மோட்டார் கார் கட்டளைச் சட்டமே கட்டாயமாக்கியிருந்தது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அதைத் தொடர்ந்தது. வீதியில் வண்டியால் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ அவருக்கான இழப்பீட்டுக்கு யாராவது பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். 1962இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. 1964 முதல் வாகனக் காப்புறுதி உட்படப் பொதுக் காப்புறுதி முழுவதும் அரசின் அந்த ஒரே நிறுவனத்திடம் போனது. ஆக, கண்ணாடியில் ஒட்டிய சான்றிதழ் எல்லா வண்டியிலும் இருந்தது. பம்பர் நெளிந்ததற்காக அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நினைக்காததற்கு நல்ல காரணமும் இருந்தது. தோட்டத்தில் தொலைபேசி இருந்தது ஒப்பீசிலும் துரை பங்களாவிலும்தான். கொழும்புக்கு அழைப்புப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதம் எழுதி இரவு மெயில் ரயிலில் அனுப்ப வேண்டும். பிறகு விண்ணப்பப் படிவம், கராஜ் மதிப்பீடு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மதிப்பீட்டாளர் வரும் வரைக்கும் வண்டியில் கை வைக்கக் கூடாது. வாரங்கள் ஓடும், சில வேளை மாதங்கள். அந்தக் காலத்துப் பம்பரோ கனத்த இரும்பு. நெளிந்தால் தொழிற்சாலைப் பிட்டரோ ஹட்டன் டிங்கர் பாஸோ சுத்தியலால் தட்டி நேராக்கி, பெயின்ட் பூசி, சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுவார். ஒரு வாரத்தில் சரியாவதற்கு மூன்று மாதம் காத்திருக்க யார் விரும்புவார்?

ஆகவே பேசித் தீர்த்தார்கள். நகரத்தில் என்றால் தேத்தண்ணிக் கடையில். தோட்டத்து வண்டிகள் என்றால் துரைமாருக்குள். ஒரு துரை மற்றத் துரைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தனுப்புவார், அத்தோடு முடியும். தவறு செய்தவர் "என் பிழைதான், செஞ்சு தாறேன்" என்று அங்கேயே சொல்லிவிடுவார். சொன்னதைச் செய்தும் கொடுத்தார். செய்யாமல் எங்கே போவது? அடுத்த வாரம் அதே வளைவில், அதே ஆளுக்கு எதிரே வந்தாக வேண்டும். இந்த நேர்மையைப் பற்றி மூத்தவர்கள் பேசும்போது கண்கள் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மிகைப்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த ஏற்பாடு எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கொழுந்து லொறியும் துரையின் காரும் வளைவில் முட்டிக்கொண்டால் யார் பிழை என்று விசாரிக்கத் தேவையில்லாமல் இருந்தது. லொறிக்காரர் இறங்கித் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு நிற்பார். சம்பளத்தில் பிடிப்பதா, வேலையை விட்டு நிறுத்துவதா, மன்னிப்பதா என்பது துரையின் மனநிலையைப் பொறுத்தது. மன்னித்த துரைமார் இருந்தார்கள்; அவர்களுடைய பெயர்கள் இன்றும் நன்றியோடு சொல்லப்படுகின்றன. மன்னிப்பு கிடைத்ததற்காக அறுபது வருடம் நன்றி சொல்ல வேண்டியிருப்பது, நியாயம் கேட்க இடமில்லாமல் இருந்ததற்கு ஒரு சாட்சி. சாரதிக்கு வளைவில் எந்தப் பக்கம் யார் வந்தார்கள் என்பது தெரியும். அதை அளந்து எழுதிக்கொள்ள மூன்றாவது ஆள் ஒருவர் வந்ததில்லை.

வீதியோரம் நடந்து போனவருக்கு இன்னும் கடினம். சட்டம் மூன்றாம் தரப்பு என்று குறிப்பிட்டது உண்மையில் அவரைத்தான்: கூடையைத் தலையில் மாட்டி மலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணை, பாடசாலை விட்டு வரும் பிள்ளையை. காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கடதாசி தமக்காக எழுதப்பட்டது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? காயத்துக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து, கையில் கொஞ்சம் சல்லி, ஒரு கடதாசியில் பெருவிரல் அடையாளம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தவர்கள், வழக்கு என்ற சொல்லுக்கே அஞ்சினார்கள். சிங்களம் மட்டும் அரசகரும மொழியான 1956க்குப் பிறகு பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. தமிழில் சொன்னது அங்கே எப்படி எழுதப்பட்டது என்று தெரியாமலே கையெழுத்திட்டு வந்தார்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னால், 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்முறையில் நுவரெலியா நகரம் எரிந்திருந்தது. அதன் பின்னான நீண்ட வருடங்களில் ஒரு தமிழ் இளைஞர் சின்ன மோதலுக்காகத் தானாகப் பொலிஸ் நிலையப் படியேறுவது எளிதான காரியமாக இருக்கவில்லை. அன்று பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் காப்புறுதிப் பணம் கிடைக்காது. பணத்துக்காகப் பொலிஸுக்குப் போவதைவிட நெளிந்த கதவோடு ஓட்டுவது மேல் என்று முடிவெடுத்தவர்கள் பலர். அதை அன்று யாரும் காப்புறுதி பற்றிய முடிவு என்று நினைக்கவில்லை.

மாற்றம் பல பக்கமிருந்தும் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போனது. துரை பதவி அப்படியே இருந்தாலும் பழைய அதிகாரம் அதில் இல்லை. 1977இன் பொருளாதாரத் திறப்புக்குப் பிறகு ஜப்பானிய வேன்களும் இந்திய முச்சக்கர வண்டிகளும் வந்தன. 1986ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் காப்புறுதித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட, 1988இல் தனியார் கம்பனிகள் தொழிலைத் தொடங்கின. 1989இல் செல்டெல் நாட்டின் முதல் கையடக்கத் தொலைபேசிச் சேவையை ஆரம்பித்தது. அது மலைக்கு ஏறி வர இன்னும் காலம் எடுத்தது, ஆனால் வந்தபோது எல்லாவற்றையும் மாற்றியது. லீசிங் கம்பனிகள் தவணைக்கு வண்டி கொடுத்தன; கொடுக்கும்போது முழுக் காப்புறுதி எடுத்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டன. இப்படித்தான் லயத்தில் பிறந்த ஒருவரின் பெயரில், அவர் கேட்காமலேயே, முதன்முதலாக ஒரு முழுக் காப்புறுதிப் பத்திரம் வந்து சேர்ந்தது. நாட்டில் பதிவான வாகனங்களின் மொத்தத் தொகை 2020களின் தொடக்கத்தில் 80 லட்சத்துக்கும் மேலாக இருந்தது. அதில் 11 லட்சத்துக்கும் அதிகமானவை முச்சக்கர வண்டிகள்.

பிறகு, இந்த நூற்றாண்டின் ஆரம்ப வருடங்களில், மோதிய இடத்திலேயே மதிப்பிட்டுப் பணம் கொடுக்கும் முறை வந்தது. சிலிங்கோ காப்புறுதிக் கம்பனியின் 'ஒன் த ஸ்பொட்' என்ற பெயர் வீடு வீடாகப் பரவியது. மற்றக் கம்பனிகளும் அதே வழியில் வந்தன. இன்று ஹட்டன் மல்லியப்புச் சந்தியில் ஒரு வேன் ஒரு காரை இடித்தால், அழைப்பு எடுத்துக் கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் அசெசர் என்னும் மதிப்பீட்டாளர் வந்து இறங்குகிறார். முன்பு கொழும்பிலிருந்து வந்தவர் கோட்டு அணிந்து துரை பங்களாவில் மதியச் சாப்பாடு சாப்பிட்டார். இப்போது வருகிறவர் மழைக்கோட்டோடு வீதியில் நின்று படம் எடுக்கிறார். அவர் கொட்டகலையிலோ டிக்கோயாவிலோ பிறந்த பையனாகவும் இருக்கலாம். தமிழில் கேட்கிறார், சொல்வதை எழுதிக்கொள்கிறார். கொரோனாக் காலத்துக்குப் பிறகு சில வேளை அவரும் வருவதில்லை. கையடக்கத் தொலைபேசியில் படமும் வீடியோவும் அனுப்பினால் போதும். சிறு சேதத்துக்குப் பொலிஸ் முறைப்பாடு வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பதுமில்லை.

இவ்வளவு எளிதான பிறகு, எல்லாரும் உடனே கூப்பிட்டுவிடுவார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. முன்பு தூரம் தடுத்தது. இப்போது கணக்குத் தடுக்கிறது.

கோரிக்கை இல்லாமல் ஓட்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் கம்பனி கட்டணத்தில் ஒரு கழிவு கொடுக்கிறது. நோ கிளெய்ம் போனஸ் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். விகிதம் கம்பனிக்குக் கம்பனி மாறும். பல வருடம் கோராமல் ஓட்டியவருக்குக் கட்டணத்தில் பாதிக்கு மேலும் குறையலாம். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் முழுக் கட்டணம் வருடத்துக்கு 1,00,000 ரூபாய், கழிவு 50 வீதம். அவர் கட்டுவது 50,000. பம்பரும் விளக்கும் சரி செய்ய 30,000 ஆகிறது. அதில் முதல் 5,000ஐ அவரே ஏற்க வேண்டும் என்று பொலிசி சொல்கிறது. கோரினால் கைக்கு வருவது 25,000. கழிவு முழுதும் போனால் அடுத்த வருடம் அவர் கூடுதலாகக் கட்ட வேண்டியது 50,000. மறுபடி ஒவ்வொரு படியாக ஏறிப் பழைய இடத்துக்கு வரச் சில வருடங்கள். ஆகவே அவர் கம்பனியைக் கூப்பிடாமல், டிங்கர் பாஸைக் கூப்பிடுகிறார். இந்தக் கணக்கை ஹட்டன் ஆட்டோ தரிப்பிடத்தில் நிற்கும் இளைஞர்கள் ஒரு நிமிடத்தில் போட்டுச் சொல்வார்கள்.

கணக்கின் மற்றப் பக்கத்தில் பழுதுபார்க்கும் செலவு நிற்கிறது. பழைய இரும்பு பம்பரைத் தட்டி எடுக்கலாம்; இன்றைய பிளாஸ்டிக் பம்பர் வெடித்தால் மாற்றத்தான் வேண்டும். அதற்குள் சென்சர்கள் வேறு. ஹைபிரிட் கார் ஒன்றின் எல்.ஈ.டி. முன்விளக்கு லட்சத்தைத் தொடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நடுவில் 2022 மார்ச்சுக்குப் பிறகு ரூபா விழுந்து, டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குத் தாவியது. பழைய கார்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறின. அப்போது பலர் கவனிக்காத ஒன்று நடந்தது. கார் 40 லட்சத்துக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருக்கும். சந்தையில் அதன் பெறுமதி 80 லட்சமாகியிருக்கும். பாதிப் பெறுமதிக்குக் கட்டணம் கட்டியவருக்குச் சேதத்திலும் பாதிதான் கிடைக்கும் என்ற விதி பல பொலிசிகளில் உள்ளது. 2 லட்சம் செலவானால் 1 லட்சம். முழுக் காப்புறுதி என்று நம்பிக் கட்டியவர்கள், அது முழுமையில்லை என்பதைக் கராஜில் நின்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

இவையெல்லாம் கார் வைத்திருப்பவரின் கவலை. ஆட்டோ ஓட்டுபவரின் நிலை வேறு. லீசிங் கட்டி முடிந்ததும் பலர் முதலில் செய்வது முழுக் காப்புறுதியை விட்டு மூன்றாம் தரப்புக்கு மாறுவது. கட்டணம் அவ்வளவு குறைகிறது. அது அவருடைய ஆட்டோவுக்கு எதுவும் கொடுக்காது. மற்றவரின் வண்டிச் சேதத்துக்கும் பொலிசி வைத்திருக்கும் வரம்பு வரைதான். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மேலே சொன்ன 30,000 ரூபாய்ச் சேதம், அந்த நிர்ணயப்படி ஆட்டோக்காரரின் தாயோ மனைவியோ இருபத்திரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறித்துப் பெறும் சம்பளம். வசந்த காலத்துக்கு நுவரெலியா வந்த ஒரு விலையுயர்ந்த காரின் முன்விளக்கை உடைத்துவிட்டு நிற்கும் இளைஞரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, இது வெறும் எண் இல்லை.

ஆனாலும் அவர் தலைகுனிந்து நிற்பதில்லை. என் பார்வையில் மலையகம் பெற்றதிலேயே பெரியது இதுதான். காரில் வந்தவர் கத்தினாலும் ஆட்டோக்காரர் தன் தொலைபேசியை எடுத்து, டயர்த் தடத்தையும் வெள்ளைக் கோட்டையும் படம் பிடிக்கிறார். "அண்ணே, சத்தம் போடாதீங்க, அசெசர் வரட்டும்" என்று சொல்கிறார். அவருடைய கம்பனியின் ஆளும் வருவார், காரின் கம்பனியின் ஆளும் வருவார். யார் எந்தப் பக்கம் வந்தார் என்பதை இரண்டு பேரும் பார்த்து எழுதுவார்கள். கொழுந்து லொறி ஓட்டிய அவருடைய தாத்தாவுக்குக் கிடைக்காத மூன்றாவது ஆள் அவருக்குக் கிடைத்திருக்கிறார். தீர்ப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சரியில்லையென்றால் மேலே கேட்க வழி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் காப்புறுதித் துறைக்கு ஓர் ஒழுங்குபடுத்தும் அமைப்பைத் தந்தது. 2005 முதல் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் அலுவலகம் முறைப்பாடுகளைக் கேட்கிறது. இரு தரப்புக்குமிடையிலான பணத் தகராறு என்றால், 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன.

போனது எது என்று கேட்டால், முதலில் மனதில் வருவது அந்த "என் பிழைதான்". கம்பனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று மோட்டார் பொலிசிகள் பொதுவாகச் சொல்கின்றன. காரணம் புரிகிறது, பணம் கொடுக்கப் போவது கம்பனி. ஆனால் இதன் விளைவு வீதியில் தெரிகிறது. பிழை தன்னுடையது என்று நன்றாகத் தெரிந்தவரும் உதட்டை இறுக்கிக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். "அடி ஏதும் பட்டுச்சா?" என்று கேட்பதைக்கூடப் பொறுப்பேற்பதாக எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வீண். நலம் விசாரிப்பதைத் தடுக்கும் பொலிசி எதுவும் கிடையாது. தண்ணீர் கொடுக்கலாம், பிள்ளையை நிழலில் உட்கார வைக்கலாம், 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்கலாம். அழைத்தால் கட்டணமின்றி வரும் அந்த அம்புலன்ஸ், 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு மலைக்கும் வந்தது. யாருடைய பிழை என்ற பேச்சைத் தள்ளிவைப்பது வேறு, மனிதரைத் தள்ளிவைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது நம்முடைய அவசரம்.

பேசித் தீர்ப்பது இன்னும் சரியான வழிதான், சில மோதல்களுக்கு. நின்ற வண்டியை மெதுவாக இடித்தது, ஆளுக்கு அடியில்லை, சேதம் கண்ணுக்குத் தெரிகிறது, இருவரும் ஒரே ஊர் என்றால், போனஸை இழந்து கம்பனியைக் கூப்பிடுவதில் அர்த்தமில்லை. ஆனால் பழைய நம்பிக்கையை அப்படியே புதிய வீதிக்குக் கொண்டுவருவதில் ஆபத்து உண்டு. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் வேன்கள் மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வருகின்றன. ஏப்ரலில் கொழும்புக் கார்கள். "நாளைக்கு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவரை அடுத்த வாரம் அதே வளைவில் பார்க்கப் போவதில்லை. பழைய பேச்சுத் தீர்வுக்குப் பின்னால் இருந்த உத்தரவாதம் அந்த மறுசந்திப்புத்தான். அது இல்லாத இடத்தில் வெறும் சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். வெளியூர் வண்டி, பிளாஸ்டிக்குக்குப் பின்னால் என்ன உடைந்தது என்று தெரியாத புதிய கார், லீசிங்கில் இருக்கும் வண்டி என்றால் அழைத்துவிடுவதே நல்லது. கோருவதா வேண்டாமா என்பதை மதிப்பீடு கையில் வந்த பிறகு யோசிக்கலாம். அன்றைக்கு அறிவிக்காமல், பத்து நாள் கழித்து மற்றவர் பெரிய தொகை கேட்டு வரும்போது போய்ச் சொன்னால், கம்பனி ஏன் அன்றே சொல்லவில்லை என்றுதான் முதலில் கேட்கும்.

உடம்பில் அடிபட்டிருந்தால் யோசிக்கவே இடமில்லை. கழுத்து வலியும் தலையடியும் அன்றைக்குத் தெரியாமல் மறுநாள் தெரியும். பொலிஸுக்கும் கம்பனிக்கும் உடனே சொல்ல வேண்டும், அடிபட்டவர் எழுந்து நடந்தாலும், "ஒண்ணுமில்ல, போங்க" என்று அவரே சொன்னாலும். தோட்டத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். மறுநாள் வேலைக்குப் போகவில்லையென்றால் சம்பளம் இல்லை என்ற நினைப்பில் சொல்வது அது. 1938இலிருந்து சட்டம் யாருக்காகக் கட்டாயக் காப்புறுதியை வைத்திருக்கிறதோ, அவர்கள் இவர்கள். போனஸ் கணக்கை இந்த இடத்தில் போடுகிறவரை என்னால் மதிக்க முடியவில்லை.

பேசித் தீர்க்கும்போது இப்போது எழுதிக்கொள்கிறார்கள். பெருவிரல் பதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, திகதி, இடம், இரண்டு வண்டிகளின் இலக்கம், சாரதி அனுமதிப்பத்திர இலக்கம், கொடுத்த தொகை எல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். மற்றவர் சிங்களவர் என்றால் கீழே சிங்களத்திலும் எழுதச் சொல்கிறார்கள். வாசித்துக் காட்டி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் 'இனி வேறு கோரிக்கை இல்லை' என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. வண்டிக்கு மட்டும்தான் அந்த வரி. யாருக்காவது அடிபட்டிருந்தால் அதை எழுத மறுத்து, பொலிஸுக்குப் போகலாம் வாங்க என்கிறார்கள்.